தோல்வி சார் ஜெயித்துவிட்டார்

என் வீட்டுக்காரர் தோற்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். எடுக்கமாட்டார்கள். சும்மா தோற்க யாராலும் முடியும். சம்பளத்துக்குத் தோற்க வேண்டுமென்றால் முதலில் பிரமாதமாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் நாட்டிலேயே பெரிய செஸ் ஆட்டக்காரர்.

எங்கள் கம்பெனி செஸ் மேஜை செய்கிறது. பார்ப்பதற்குச் சாதாரண மர மேஜைதான். மேலே கட்டங்கள், காய்கள். அடியில் ஒரு காந்தக் கை இருக்கிறது. நீங்கள் உங்கள் காயை நகர்த்தினால், மேஜை தன் காயைத் தானே நகர்த்தும், கரகரவென்று ஒரு சத்தத்தோடு. கீழ்த்தளத்தில் அந்தக் காந்தக் கையைப் பொருத்துகிற மெக்கானிக் என் தம்பி. மேல்தளத்தில் தரச் சோதனை அறையில் என் வீட்டுக்காரர். கடைசியாக பேக்கிங், அது நான். மொத்தத்தில் எங்கள் குடும்பத்தைத் தாண்டாமல் ஒரு மேஜையும் வெளியே போக முடியாது.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு மேஜையும் ஒரு பலமான மனித ஆட்டக்காரரை ஒரு தடவையாவது தோற்கடித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை மனிதன் ஜெயிக்க முடியாது என்று ஊர் உலகத்துக்கே தெரியும். இருந்தாலும், தான் வாங்குகிற மேஜை உருப்படியான ஒரு ஆளை அடித்திருக்கிறது என்று தெரிந்தால் வாங்குகிறவர்களுக்கு ஒரு திருப்தி. அதனால் என் வீட்டுக்காரர் காலையில் ஒரு மேஜையிடம் தோற்பார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொன்றிடம் தோற்பார். நான் பெட்டியின் மேல் ‘முன்னாள் சாம்பியனைத் தோற்கடித்தது’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவேன். கட்டிய புருஷனின் தோல்வியைத் தினமும் இரண்டு தடவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டுகிற பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் தோல்வி சார். மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபப்பட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் படு கறார். தெரிந்து ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. தினமும் ஜெயிக்கத்தான் கிளம்புவார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, “இன்னைக்குப் பாரு” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கோட்டை விட்டார் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வருவார். எந்தக் காய் எப்படி நகரும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உம் கொட்டிக்கொண்டு வருவேன்.

இத்தனை வருஷம் தோற்றதில் மனுஷருக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் பயந்துவிடுவார். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், வாங்கப் போனதையும் வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இவருக்கு இடம் கொடுத்தாள். இவர் அந்த சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து யோசித்துக்கொண்டே நின்றதில், வேறொரு ஆள் போய் உட்கார்ந்துவிட்டான். “பாத்தியா, அதுக்குத்தான்” என்றார் என்னிடம். எதுக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயித்துவிட்டார்.

அன்று காலையில் தொடங்கிய ஆட்டம் மதியம் தாண்டியும் முடியவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். இவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். மேஜையோ யோசிக்கவே இல்லை. வழக்கமாக ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு இவர் காயை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் கரகரவென்று பதில் வந்தது. மேஜைக்குள் இருக்கிற மூளையை எழுதியவரான பெரிய என்ஜினியர், கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் ஆச்சு மேஜைக்கு?” என்று கேட்டேன்.

“யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்கு அது போயிடுச்சும்மா” என்றார். குரலில் பக்தி தெரிந்தது.

அப்போது மேஜை தன் ராணியை நகர்த்தி, இவருடைய சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வெட்டினால் லாபம், பதிலுக்கு ஒன்றும் போகாது. எனக்கே தெரிந்தது. இவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ராணியைத் தொடாமல் தன் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி ஒளித்து வைத்தார்.

“நல்லவேளை, பொறின்னு பாத்துட்டாரு” என்று பெரிய என்ஜினியர் பெருமூச்சு விட்டார்.

அதற்கப்புறமும் இரண்டு தடவை மேஜை ராணியை நீட்டியது. இரண்டு தடவையும் இவர் ஒதுங்கிப் போனார். சாயங்காலத்துக்குள் இவர் பக்கம் ராஜாவும் ஒரு யானையும் இரண்டு மூன்று சிப்பாய்களும்தான் மிச்சம். மேஜை செக் வைத்தது. ராஜா நகர இடமில்லை. யானையைக் குறுக்கே வைத்துத் தடுப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. தடுத்தார். அந்த யானை நின்ற இடத்திலிருந்து மேஜையின் ராஜாவுக்குச் செக், அது செக்மேட்டாகவும் இருந்தது. வேறு நகர்த்தல் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் இவர் நிச்சயம் அதைத்தான் ஆடியிருப்பார்.

மேஜை ‘டிங்’ என்றது.

“இது என்ன சத்தம்?” என்று கேட்டார் இவர். யாருக்கும் தெரியவில்லை. மேஜை தோற்றால் வருகிற சத்தம் அது என்று அதை எழுதிய பெரிய என்ஜினியருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பஸ் வேண்டாமென்று டாக்சியில் வீட்டுக்கு வந்தோம். அவர் வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, “ஜெயிச்சேன்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தையாகையால் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் வந்தது வினை. எங்கள் தர மேனேஜருக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். சோதனை அறையில் இருக்கிற தராசு, வெப்பமானி எல்லாவற்றிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் இருக்கும். என் வீட்டுக்காரரின் நாற்காலியிலும் ஒன்று ஒட்டியிருப்பார். அவர் கணக்கில் இவரும் ஒரு கருவி. தோற்ற மேஜையைத் தம்பியிடம் அனுப்பிப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கோளாறும் இல்லை என்று தம்பி சொல்லி அனுப்பினான். உடனே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். விஷயம் கேள்விப்பட்டு நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

“மேஜை சரியா இருக்கு சார். அப்படின்னா கோளாறு உங்ககிட்டதான்” என்றார் அளவுகோல்.

“நான் ஜெயிச்சேன் சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். தராசு திடீர்னு வேற எடை காட்டினா தராசைத்தானே மாத்துவோம்? இன்னொண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜெயிக்கத் தெரிஞ்ச ஆளு இத்தனை வருஷம் ஏன் தோத்தீங்க? வித்த மேஜையெல்லாம் திரும்பி வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அதோடும் விடவில்லை. கம்பெனி டாக்டரை வரவழைத்து இவரைச் சோதிக்கச் சொன்னார்கள். அவர் நாக்கை நீட்டச் சொல்லி, முட்டியில் தட்டிப் பார்த்து, ஜெயித்ததற்கான காரணம் எதுவும் உடம்பில் தெரியவில்லை என்றார். அதன் பிறகு அளவுகோல் குழைந்து பேசினார்.

“சார், ஒண்ணும் வேண்டாம். நான் ஜெயிக்கலை, மேஜை ஏதோ தடுமாறிடுச்சுன்னு முதலாளியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாம் பழையபடி ஆயிடும்.”

“அதை மட்டும் என்னால சொல்ல முடியாது சார்” என்றார் இவர்.

முதலாளியம்மா விஷயத்தைக் கேட்டு ஒரு முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை அதே மேஜையோடு எல்லோர் முன்னாலும் மறுபடி ஆட வேண்டும், இந்தத் தடவை கடிகாரம் வைத்து, நேரம் தீர்ந்துபோனாலும் தோல்விதான். தோற்றால் செவ்வாய்க்கிழமை நடந்தது கணக்கில் இல்லை, வேலை தொடரும். ஜெயித்தால் கை நிறையக் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் தோற்காத ஆளை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் தம்பி பேக்கிங் பகுதிக்கு வந்தான். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான். பேயறைந்த மாதிரி இருந்தான்.

“அக்கா, தப்பு என்மேலதான்.”

“என்னடா சொல்ற?”

“காந்தக் கை சரியா ஓடுதான்னு பாக்கணும்ல? முழு லெவல்ல வெச்சா ஒவ்வொரு காய்க்கும் நிமிஷக்கணக்கா யோசிக்கும், வேலை ஆகாது. அதனால நாங்க குழந்தை லெவல்ல வெச்சு ஓட்டுவோம். அப்ப கடகடன்னு ஆடிடும். பாத்து முடிச்சதும் அடி மூடியைத் திறந்து, உள்ள லெவல் மாத்துற ஒரு திருகு இருக்கு, அதை முழு லெவலுக்குத் திருப்பணும். அன்னைக்கு நடுவுல ஒரு போன் வந்துச்சு. மறந்துட்டேன்.”

எனக்கு உடனே உறைக்கவில்லை. “எந்தக் குழந்தை லெவல்?” என்றேன்.

“ஏழு வயசு.”

அங்கிருந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யோசிக்காமல் ஆடியது, ராணியை மூன்று தடவை நீட்டியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாட்டின் பெரிய ஆட்டக்காரர் ஒரு நாள் முழுக்கப் போராடி, வேறு வழியில்லாமல், ஏழு வயசுக் குழந்தையை ஜெயித்திருக்கிறார்.

“மாமாகிட்ட சொல்லிடாதக்கா” என்றான் தம்பி. “இப்ப முழு லெவலுக்குத் திருப்பிட்டேன். வெள்ளிக்கிழமை எப்பவும் போல தோத்துடுவாரு. வேலையும் தப்பிச்சுடும், யாருக்கும் பிரச்சினை இல்ல.”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டில் இவர் ஒரு புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவை ஜெயிச்சுட்டா போதும். அப்புறம் கோளாறு, தடுமாற்றம்னு ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது” என்றார்.

“வேலை போயிடுமேங்க.”

“போகட்டும். ஜெயிச்சவன்னு பேரோட போறேன். தோல்வி சார்னே ரிட்டயர் ஆகணுமா?”

எனக்கு அளவுகோல் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆசைப்பட்டு உழைக்கிற ஒரு மனுஷனை நாற்காலியோடு சேர்த்து ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பொய்யோ நிஜமோ, அந்த முகத்தை இன்னொரு தடவை நான் பார்க்க வேண்டும். இவர் சம்பளம் இல்லாமல் இரண்டு பேர் சாப்பிட முடியாதா என்ன, நான் ஸ்டிக்கர் ஒட்டிச் சம்பாதிக்கவில்லையா?

வெள்ளிக்கிழமை காலையில் தம்பியிடம் போய், “திருகை மறுபடி குழந்தை லெவலுக்குத் திருப்பு” என்றேன்.

திருதிருவென்று முழித்தான். “மாமாவுக்கு வேலை போயிடும்க்கா.”

“தெரியும். திருப்புடா.”

சோதனை அறை அன்று நிரம்பி வழிந்தது. முதலாளியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அளவுகோல் கடிகாரத்தைத் துடைத்து மேஜையோரம் வைத்தார். இவர் புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்து, முதல் சிப்பாயை நகர்த்தினார். கரகர. பதில் உடனே வந்தது.

“மறுபடியும் யோசிக்கலை” என்று பெரிய என்ஜினியர் முதலாளியம்மாவின் காதில் கிசுகிசுத்தார். “நான் எழுதினதைவிட பெருசா ஏதோ ஆயிடுச்சு மேடம்.”

கொஞ்ச நேரத்திலேயே ராணி வந்து இவர் சிப்பாயின் வாயில் நின்றது. வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வெட்டவில்லை. மேஜை ஒரு யானையைக் கொடுத்தது, அதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு குதிரையை. அதற்கு மட்டும் ஏதோ பரிசோதனை செய்வது போல வெட்டிப் பார்த்தார், அப்புறம் செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தையின் முன்னால் அவர் அப்படி நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதை அங்கே வைத்ததே நான்தான் என்பதால் எழுந்தும் போக முடியவில்லை.

அப்புறம் அந்த இடம் வந்தது. இவருடைய ராணியை ஒரே ஒரு தடவை நகர்த்தினால் மேட். காய் எப்படி நகரும் என்று மட்டும் தெரிந்த எனக்கே பளிச்சென்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது, கை தானாக ராணியை நோக்கிப் போனது.  விரல் ராணியைத் தொடப் போன இடத்தில் நின்றது.

கையை இழுத்துக்கொண்டார். கன்னத்தில் ஊன்றிக்கொண்டு மேஜையைப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக ஏன் கொடுக்கிறது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய என்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு, “பொறி அது, தொடாதீங்க” என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் கடிகாரம் கிரீச்சென்றது. நேரம் முடிந்துவிட்டது.

அளவுகோல் எழுந்து வந்து இவர் கையைக் குலுக்கினார். “கருவி சரியா இருக்கு” என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, நாற்காலியில் புதிதாக ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். தம்பி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

அன்று இவர் வீட்டுக்கு வந்து புதுச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மாட்டினார். “வேலை தப்பிச்சது” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. திருகு, போன் வந்தது, ஏழு வயசு, நான் திருப்பச் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “செவ்வாய்க்கிழமையும் குழந்தை லெவல்தானா?”

“ஆமாங்க.”

“அந்த ராணியெல்லாம்?”

“சும்மாதான் குடுத்துச்சு.”

“இன்னைக்கு அந்த மேட்டு?”

“நிஜ மேட்டுதாங்க. எனக்கே தெரிஞ்சுது.”

போர்வையின் மேல் விரலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்.  மனுஷரை நானே உடைத்துவிட்டேனோ என்று பயந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அப்படின்னா இன்னைக்கு என்னைத் தோற்கடிச்சது அந்த மேஜை இல்ல” என்றார்.

“இல்லைங்க.”

“பின்ன யாரு?”

“வேற யாரு, நீங்கதான். கண்ணு முன்னால இருக்கிறதை எடுக்க மாட்டேன்னு உக்காந்திருந்தீங்களே” என்றேன். பயம் போய் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் நிமிர்ந்தார். “ஒரு மனுஷன்” என்றார். “ஒரு மனுஷன்கிட்ட நான் தோத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?” என்று நான் அழுதேன்.

“இல்லடி. அந்த மேஜையை என்னால ஜென்மத்துக்கும் ஜெயிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனா இந்த ஆளை ஜெயிக்கலாம்.” தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “உன் தம்பிகிட்ட சொல்லு, திருகை மாத்த வேண்டாம்னு. கொஞ்ச நாளைக்கு அந்த மேஜை எனக்கு வேணும்.”

மறுநாள் அந்த மேஜை பேக்கிங்குக்கு வந்தது. ‘முன்னாள் சாம்பியனைத் தோற்கடித்தது’ என்று ஸ்டிக்கர் தயாராக இருந்தது. நான் அதை ஒட்டவில்லை. இந்த மேஜை அளவுக்கு ஏற்ற பெட்டி ஸ்டாக் இல்லை, வந்ததும் அனுப்புகிறேன் என்று அளவுகோலிடம் சொன்னேன். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, பஸ் வருகிற வரைக்கும் அவர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடுகிறார். நான் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சும்மா கிடைக்கிற காயின் முன்னால் அவர் கை எப்போது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவுகோல் வாரம் ஒரு தடவை வந்து பெட்டி வந்ததா என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை.